கூடம் கோணல்தான்

அந்தத் தெருவில் அவரை மிக்ஸிங்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சிமெண்டுக் கலவை போடுகிறவர் என்று எண்ணி, மொட்டைமாடி ஒழுகுகிறது, வந்து பூசித் தருவீர்களா என்று கேட்டதும் உண்டு. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "என் கலவை காதுக்குங்க, சுவருக்கு இல்ல," என்று சொல்லி அனுப்பிவிடுவார். பாட்டைக் கலப்பது அவர் தொழில். பாடுகிறவர் தனியாகப் பாடியது, கிதார் தனியாக வாசித்தது, தாளம் தனியாகத் தட்டியது என்று முப்பது நாற்பது துண்டுகளாக வந்து சேரும். எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே பதுங்க வேண்டும், எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று பார்த்துப் பார்த்து வைத்து அதை ஒரு பாட்டாக்கித் தருவார். வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. இருபத்தேழு வருடமாக அதே அறை, அதே மேசை.

மேசைக்குப் பின்னால் நின்ற இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்கள் மட்டும் பதினாலு வருடத்துச் சரக்கு. மானிட்டர் என்பது வீட்டில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி இல்லை. அதற்கு முகஸ்துதி தெரியாது. பாட்டு மோசம் என்றால் மோசம் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். அப்படித்தான் சொல்கிறது என்று நம்பித்தான் எல்லா மிக்ஸிங்காரர்களும் அதன் முன்னால் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறார்கள்.

இந்த வருடம் வலப்பக்க ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியிருந்த ரப்பர் விளிம்பு வெடித்துவிட்டது. கனத்த சத்தம் வரும்போதெல்லாம் நெஞ்சில் சளி கட்டியவர் மாதிரி கரகரத்தது. பசை தடவிப் பார்த்தார். ஒரு வாரம் தாங்கியது.

"மாத்தித் தொலைங்க. எத்தனை நாளைக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டே இருப்பீங்க?" என்றாள் மனைவி. இரண்டு பேருமாகக் கிளம்பிக் கடைக்குப் போனார்கள்.

கடையின் பின்பக்கம் கேட்டுப் பார்ப்பதற்கென்று ஓர் அறை. வரிசையாக ஆறு ஜோடி ஸ்பீக்கர்கள். விற்பனைக்காரருக்கு வாயெல்லாம் சர்க்கரை. விலை குறைந்த ஜோடியில் ஒரு பாட்டைப் போட்டார். அதே பாட்டை விலை கூடிய ஜோடியில் போட்டார்.

"எப்படி சார்? வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது. சத்தம் கூடியிருக்கு. வேற ஒண்ணும் ஆகல," என்றார் மிக்ஸிங்காரர். கைபேசியை எடுத்து, அதில் சத்தம் அளக்கிற மீட்டரைத் திறந்து நீட்டினார். "பாருங்க, இது அதைவிட மூணு டெசிபெல் ஜாஸ்தி. முதல்ல ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் வித்தியாசம் பேசலாம்."

விற்பனைக்காரர் அசடு வழிந்தார். மிக்ஸிங்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பிப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "சத்தம் ஒரு நூல் கூடுனாலே காது அந்தப் பக்கம் சாஞ்சிடும். அதுதான் நல்லா இருக்குன்னு பொய் சொல்லும். ரெண்டை ஒப்பிடணும்னா முதல்ல அளவைச் சரி பண்ணணும். இதுதான் எங்க தொழிலோட அரிச்சுவடி."

"என் தம்பி கூட வந்திருந்தா அவனும் இதையேதான் சொல்லியிருப்பான்," என்றாள் மனைவி.

ஒன்பது வருடமாகவே அந்தப் பேச்சு வந்தால் அவருக்கு வேறு வேலை வந்துவிடும். இப்போதும் வந்தது. பெரிய ஜோடியைச் சுட்டி, "இவ்வளவு பெருசு நமக்கு ஆகாது. கட்டிலைவிடப் பெரிய மெத்தை வாங்கின கதையாயிடும். நம்ம ரூம் சின்னது," என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஜோடிக்கு நகர்ந்தார்.

இரண்டு மணி நேரம் கேட்டார். தான் கலந்ததிலேயே சரியாக வராத ஒரு பாட்டைக் கொண்டுபோயிருந்தார். எந்த ஜோடி அந்தப் பாட்டின் குறையை எல்லாம் கூசாமல் எடுத்துக் காட்டியதோ அதையே எடுத்துக்கொண்டார். நன்றாகக் கேட்கிற ஸ்பீக்கரை விட்டுவிட்டுத் தன் பாட்டை நாறடிக்கிற ஸ்பீக்கரைக் காசு கொடுத்து வாங்குகிற ஆளை அந்த விற்பனைக்காரர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

இரண்டு நாள் கழித்துக் கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பொருத்திக் கொடுக்கிறவள். சுறுசுறுப்பான ஆள். பழைய ஸ்பீக்கர்கள் இரண்டும் தாங்கியோடு திருகு போட்டு இறுக்கியவை. தாங்கிகளும் சுவரோடு சுவராக நின்றன. பதினாலு வருடத்தில் அவற்றின் முதுகை யாரும் பார்த்ததில்லை. அவள் திருகுகளைக் கழற்றி, இரண்டையும் தூக்கி, தரையில் விரித்த போர்வைமேல் முகம் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் சார், ஒண்ணை மட்டும் குறைச்சு வெச்சிருக்கீங்க?"

"எதைக் குறைச்சு?"

அவள் குனிந்து காட்டினாள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்று, சட்டைப் பொத்தான் அளவு. அதில் ஒரு வெள்ளைக் கோடு. வலப்பக்க ஸ்பீக்கரில் கோடு நேரே மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு மணி. இடப்பக்க ஸ்பீக்கரில் கோடு பத்து மணியைக் காட்டியது.

"நீ தூக்கும்போது கை பட்டிருக்கும்மா."

"இல்ல சார். தூசியைப் பாருங்க." குமிழைச் சுற்றித் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. அவள் குமிழைப் பன்னிரண்டுக்குத் திருப்பினாள். தூசி மேலோடு பிளந்து உதிர்ந்தது. "நேத்து முந்தாநாள் வேலை இல்ல இது. பல வருஷம் இருக்கும்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மிக்ஸிங்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கை காட்டினார்.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் ஒரு நாள் ஒரு குழல் வாசிக்கிறவர் வந்தார். அறைக்குள் வேறு இடமில்லாமல் இடப்பக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மைக் வைக்க வேண்டியிருந்தது. மைக் வீல் என்று ஊளையிட்டது. இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டு, தடவிப் பார்த்துக் குமிழைக் குறைத்தார். குழல்காரர் போன பிறகு அதே மாதிரி கையை விட்டுத் தடவித் திருப்பி வைத்தார். கை திருப்பியதைக் கண் பார்க்கவில்லை. பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று கை சொன்னது, இவர் நம்பினார். நடந்தது அவ்வளவுதான். அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் மச்சினன் முதன்முதலாக அந்த வார்த்தையைச் சொன்னான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. எட்டு வயது இளையவன். இருபத்து மூன்று வயதில் இதே அறையில் இரண்டாவது நாற்காலி போட்டு உட்கார்ந்தவன், பத்து வருடம் எழுந்திருக்கவில்லை. காலையில் இவர், மதியத்துக்கு மேல் அவன் என்று மாறி மாறி வேலை செய்தார்கள். அவனுக்குக் காது அப்படி ஒரு காது. நாற்பது துண்டில் ஒரு துண்டு மட்டும் ஒரு மயிரிழை பிந்தி வந்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு வந்து நிற்பான்.

ஒரு நாள் அவன் சொன்னான். "அத்தான், குரல் நடுவுல நிக்கல. வலது பக்கம் சாயுது."

பாடுகிறவரின் குரலை இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாக விட்டால், அது இரண்டுக்கும் நட்டநடுவே காற்றில் நிற்பது போலக் கேட்கும். அதைத்தான் அவன் நடு என்றான். மிக்ஸிங்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். அவருக்கு நடுவில்தான் நின்றது. ஏன் நிற்காது? மேசைக்கடியில் வலப்பக்கம் இருந்த இரும்பு அலமாரி முழங்காலில் இடிக்கிறது என்று அவர் நாற்காலி எப்போதும் ஒரு சாண் இடப்பக்கமாகத் தள்ளிக் கிடக்கும். சத்தம் குறைந்த ஸ்பீக்கருக்குச் சற்றுக் கிட்டே உட்கார்ந்தால் இரண்டும் சமமாகிவிடும். மச்சினனோ அளவு நாடா வைத்து, இரண்டுக்கும் சரிபாதியில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறவன். சரியாக உட்கார்ந்ததுதான் அவன் செய்த குற்றம்.

மேசையில் செருகியிருந்த முனையிலேயே கேபிளை இடம் வலம் மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் வலப்பக்கம்தான் சாய்ந்தது. "ஸ்பீக்கரையே கழட்டி இடம் மாத்திப் பார்த்துடலாமே அத்தான்," என்றான் மச்சினன். அதை அசைத்தால் அறையை முழுக்க மறுபடி அளந்து வைக்க வேண்டும், இரண்டு நாள் வேலை கெட்டுவிடும் என்று இவர் மறுத்துவிட்டார். மச்சினன் தன் காதுக்குக் கேட்டபடி குரலை ஒரு நூல் இடப்பக்கம் இழுத்து வைத்து, மூன்று பாட்டு முடித்துக் கொடுத்தான். பாடிய பெண் வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுவிட்டு நேரே கிளம்பி வந்துவிட்டாள். "நான் ஏன் சார் இடது காதுல போய் ஒதுங்கி நின்னு பாடிக்கிட்டிருக்கேன்?"

அவளையும் வைத்துக்கொண்டு மச்சினன் மறுபடி, "ரூம்லதான் ஏதோ கோளாறு," என்றான். மிக்ஸிங்காரர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். மச்சினன் சிரிக்கவில்லை.

அன்றைக்கே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உன் இடது காதுதான் மாப்ள மந்தமாயிருக்கு. அதனாலதான் உனக்கு எல்லாம் வலது பக்கம் சாயுது. அதைச் சரி பண்றேன்னு இடது பக்கம் இழுத்துடுற." கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பொருந்துகிற கணக்கெல்லாம் உண்மையாகிவிடுமா? மச்சினன் காது டாக்டரிடம் போய் வந்தான். இரண்டு காதும் சமமாக இருக்கிறது என்று டாக்டர் தாளில் எழுதியே கொடுத்தார். மிக்ஸிங்காரர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவர் பீப் பீப்னு சத்தம் வெச்சுப் பார்ப்பார். பீப் கேக்குறவன் எல்லாம் மிக்ஸ் பண்ணிட முடியுமா?" என்றார்.

அவன் டாக்டரை நம்பவில்லை. அத்தானை நம்பினான். அந்த மாதமே நாற்காலியை விட்டு எழுந்து வேறு வேலைக்குப் போய்விட்டான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் வேலை கொண்டு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சின்னவர் இருக்காரா? அவரே பண்ணுவாரா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மிக்ஸிங்காரர் வேண்டுமென்று யாருக்கும் குழி வெட்டுகிற ஆள் இல்லை. ஆனால் மச்சினனின் காது போய்விட்டது என்று ஆனபோது அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. அது அவருக்கே தெரியும். போர்வைமேல் கிடந்த ஸ்பீக்கரைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தபோது அவரை அறுத்ததும் அதுதான்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் பழைய ஸ்பீக்கரை ஒரு தடவை, அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்போ கூடம் கோணலாத்தான் இருந்திருக்கு."

"ஆமா."

"அவன் கழட்டிப் பார்க்கலாம்னு சொன்னானே. நானும் சொன்னேனே, ஒரு தடவை பார்த்தா என்ன குறைஞ்சிடும்னு. ரெண்டு நாள் வேலை போயிடும்னீங்க. என் தம்பிக்கு ஒன்பது வருஷம் போயிருக்கு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கே போய் அவன்கிட்டச் சொல்லுங்க. ஃபோன்ல இல்ல. நேர்ல. அவனைத் திரும்ப இங்க கொண்டுவந்து உட்கார வைங்க."

அதைத்தான் அவரும் நினைத்திருந்தார். செய்தது செய்ததுதான், ஆனால் காது அவனிடமே இருக்கிறது. வயது நாற்பத்திரண்டுதான். இன்னும் இருபது வருடம் உட்காரலாம். இரண்டாவது நாற்காலியை மறுபடி போட்டுவிட்டால், முழுதாக இல்லாவிட்டாலும் பாதியாவது சரியாகும். இரவெல்லாம் அதையே சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மச்சினன் வேலை செய்தது ஒரு தகரப் பட்டறையில். பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகிற தகரக் குழாய்களை வெட்டி, மடித்து, தட்டிச் சேர்க்கிற இடம். இப்போது அவன்தான் அங்கே மேஸ்திரி. வாசலுக்கு வரும்போதே மிக்ஸிங்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வெட்டுகிற இயந்திரம் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பல் கூசியது. மச்சினன் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தபடி ஓடி வந்தான்.

"என்ன அத்தான், இவ்வளவு தூரம்? அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அக்கா நல்லா இருக்கா. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"என்னது?" என்று தலையைச் சாய்த்து முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான். இந்த இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும் என்று நினைத்து, மிக்ஸிங்காரர் அவனைக் கைபிடித்து வெளியே, தகடு இறக்குகிற முற்றத்துக்கு அழைத்துப் போனார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குழல்காரர், ஊளை, தடவிய கை, குமிழ், தூசி. எதையும் பூசி மெழுகவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்ததை மட்டும் சொல்லவில்லை.

மச்சினன் கை துடைத்த துணியை மடித்துப் பையில் வைத்தான். பிறகு கேட்டான். "எவ்வளவு குறைஞ்சிருந்துச்சு?"

"ரெண்டு டெசிபெல்."

"ரெண்டா? நான் ஒன்றரைன்னு நினைச்சிருந்தேன்."

மிக்ஸிங்காரருக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைத் திட்டுடா மாப்ள. நாலு வார்த்தை திட்டிடு."

"எதுக்கு அத்தான் திட்டுறது? நீங்க வேணும்னா பண்ணீங்க?" என்று அவன் சொன்னபோது இவர் தரையைப் பார்த்தார். மச்சினன் அதைக் கவனிக்கவில்லை. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு முகமாகிக்கொண்டிருந்தது. "அப்போ என் காதுக்கு ஒண்ணும் இல்ல. நான் சொன்னது சரி. டாக்டர் சொன்னதும் சரி." இதை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். "எங்கயாவது பாட்டுப் போட்டா எழுந்து வெளிய போயிடுவேன் அத்தான். குரல் எங்க நிக்குதுன்னு பார்க்கவே பயம். பையன்கூடக் கேப்பான், ஏம்ப்பா உனக்குப் பாட்டே பிடிக்காதான்னு."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. புது ஸ்பீக்கர் வந்திருக்கு. முதல் பாட்டு நீதான் கேக்கணும். உன் நாற்காலி உனக்குத்தான்."

"வரேன் அத்தான்," என்றான். பட்டறைக்குள் திரும்பிப் போகும்போது ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டே போனான். அதைக் கேட்டபடி மிக்ஸிங்காரர் தெருவில் இறங்கினார். ஒன்பது வருடத்தில் அவர் அவ்வளவு இலேசாக நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததுமே அறைக்குள் போய்விட்டார். இரும்பு அலமாரியை முந்தின நாளே அப்புறப்படுத்தியாயிற்று. அளவு நாடாவால் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிபாதியில் நாற்காலியைப் போட்டார். இரண்டின் முதுகையும் விளக்கடித்துப் பார்த்தார். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். மூன்றாம் முறையும் அளந்தார். இடமும் வலமும் ஒரு நூல் பிசகவில்லை. தானே உட்கார்ந்து கேட்டார். குரல் ஆணி அடித்த மாதிரி நடுவில் நின்றது.

பத்து மணிக்கு மச்சினன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. அக்கா அவன் முகத்தைத் தடவிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனாள். அறை வாசலில் அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு உள்ளே வந்து, ஸ்பீக்கர்களைத் தொட்டுப் பார்த்தான். "எட்டு அங்குல ஸ்பீக்கர் எடுக்காம விட்டது நல்லது. இந்த ரூமுக்கு அது கும்முனு அடிச்சிருக்கும்," என்றான். மிக்ஸிங்காரருக்கு அந்த ஒரு வாக்கியமே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கோளாறுக்கெல்லாம் முன்பு அவன் கலந்த பாட்டு ஒன்றை மிக்ஸிங்காரர் போட்டார். முதல் வரி முடிவதற்குள் மச்சினன் கண்ணைத் திறந்து சிரித்தான்.

"அத்தான், இதுவும் சாயுது!"

"என்ன மாப்ள?"

"வலது பக்கம் சாயுது. அன்னைக்கு மாதிரி லேசா இல்ல, நல்லாவே சாயுது. நாலு, அஞ்சு டெசிபெல்கூட இருக்கும். பின்னாடி அந்தக் குமிழைப் பாருங்க. பொருத்த வந்தவங்க ஒண்ணை மாத்தி வெச்சிட்டுப் போயிருப்பாங்க." அவனுக்கு அத்தனை சந்தோஷம். இந்தத் தடவை அவனுக்குச் சந்தேகமே இல்லை. காதுக்கு ஒன்றும் இல்லை என்று அத்தானே வந்து சொல்லியாயிற்றே.

மிக்ஸிங்காரர் எழுந்து போய் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தார். இரண்டு கோடும் பன்னிரண்டு மணி. காலையில் மூன்று தரம் பார்த்தது. தெரிந்தும் குனிந்தார், நிமிர்ந்தால் பேச வேண்டியிருக்கும் என்று. ஒரு காலத்தில், பொய்யாக இருந்தபோது, 'உன் காதுதான்' என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! இன்றைக்கு அது நிஜம். நாக்கு புரளவில்லை.

"என்ன அத்தான், மாறியிருக்கா?"

அவர் நிமிராததால் மச்சினனே எழுந்து வந்தான். ஒரு குமிழைப் பார்த்தான். அடுத்த குமிழைப் பார்த்தான். மேசைமேல் கிடந்த மீட்டரையும் அளவு நாடாவையும் பார்த்தான். பிறகு போய், நாற்காலியை அப்படியே பின்சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

அப்படி உட்கார்ந்தால் இடமும் வலமும் இடம் மாறிவிடும். சாய்வு ஸ்பீக்கரில் இருந்தால் அது அடுத்த காதுக்குப் போக வேண்டும். காதில் இருந்தால் போகாது. தொழில் தெரிந்த இரண்டு பேர், முப்பதாயிரம் தரம் இடம் வலம் பேசியவர்கள், ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு திருகைக் கழற்றியிருக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் வேலை கெட்டிருக்காது. அந்த அரை நிமிடத்துக்கு யாருக்கும் புத்தி வரவில்லை. ஒருவருக்கு வர வேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. அவன் முதுகு மட்டும்தான் மிக்ஸிங்காரருக்குத் தெரிந்தது.

"மாறல அத்தான்," என்றான் மச்சினன். "அதே காதுலதான் இருக்கு."

"மாப்ள..."

"வெட்டுற மிஷின் எனக்கு இடது பக்கம் இருக்கும். மேஸ்திரி ஆகுற வரைக்கும் ஏழு வருஷம் அது பக்கத்துலதான் நின்னேன். எல்லாருக்கும் காதுக்கு மூடி குடுப்பாங்க. போட்டுக்கோன்னு முதலாளி கத்துவாரு. நான் போட்டுக்கல." இடது காதைத் தொட்டுக்கொண்டான். "போன காதுக்கு எதுக்கு மூடின்னு விட்டுட்டேன்."

அவன் குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். மிக்ஸிங்காரருக்கு அன்று குமிழைத் திருப்பிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கை பாவம், அது தெரியாமல் செய்தது. வாய்தான் தெரிந்து செய்தது.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு மனைவி டீத் தட்டோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "என்னடா தம்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க? குரல் நடுவுல நிக்குதா?"

மச்சினன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "நிக்குதுக்கா. நட்டநடுவுல நிக்குது."

"கேட்டீங்களா?" என்று அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது உங்க வாயால சொல்லுங்க, என் தம்பி காது நல்ல காதுன்னு."

மிக்ஸிங்காரர் மச்சினனைப் பார்த்தார். அவன், வேண்டாம் என்பது போல, அக்காவுக்குத் தெரியாமல் தலையை ஆட்டினான்.

"நல்ல காதுதான்," என்றார் மிக்ஸிங்காரர்.

அதைச் சொல்ல வேண்டிய நாளில் அது உண்மையாக இருந்தது.